சாயங்காலப் புள்ளி

பிப்ரவரி 2, ஞாயிறு

டயர் கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இத்தனை நாளாகப் பீரோ மேல் தூசி தின்றுகொண்டு கிடந்தது. மிஷினுக்கு ஆகட்டும் என்று இன்று கீழே எடுத்தேன். எந்தத் திருகை எந்தப் பக்கம் திருப்பினேன் என்று எழுதி வைக்காவிட்டால் மறுநாள் எனக்கே மறந்துபோகிறது.

மிஷின் என்றால் லேசர் கட்டர். தென்காசியில் போட்டோ பிரேம் கடை வைத்திருந்தவர் கடையை மூடும்போது எனக்குத் தள்ளிவிட்டது. நீல நிறப் பெட்டி. உள்ளே நீளமாக ஒரு கண்ணாடிக் குழாய். அதிலிருந்து கிளம்பும் ஒளி கண்ணுக்குத் தெரியாது. முதல் கண்ணாடியில் பட்டுத் திரும்பி, இரண்டாவதில் பட்டுத் திரும்பி, மூன்றாவதில் பட்டுக் கீழே இறங்கி, லென்ஸ் வழியாகப் பலகையை வெட்டும். மூன்றாவது கண்ணாடியும் லென்ஸும் இருக்கிற பகுதிக்கு ஹெட் என்று பெயர். அது தண்டவாளத்தில் இங்கும் அங்கும் ஓடும். பஸ்ஸுக்கு வீல் அலைன்மென்ட் பார்ப்பதுபோல இதற்குக் கண்ணாடி அலைன்மென்ட் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் ஒரு மூலையில் வெட்டும், மறு மூலையில் பலகையைக் கருக்கிவிட்டுச் சும்மா இருக்கும்.

பார்க்கிற விதம் இது. ஹெட்டின் வாயில் காகித டேப் ஒட்ட வேண்டும். அதைப் பக்கத்தில் கொண்டுவந்து டெஸ்ட் பட்டனைத் தொட்டால் டேப்பில் ஒரு கருப்புப் புள்ளி விழும். பிறகு தூரத்துக்குத் தள்ளி, அதே டேப்பில் இன்னொரு தடவை. இரண்டு சூடும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து ஒரே புள்ளியாக இருந்தால் சரி. இரண்டு புள்ளியாக இருந்தால் கண்ணாடிக்குப் பின்னால் உள்ள பித்தளைத் திருகுகளை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டும். பொறுமை இல்லாதவன் தொடக்கூடாத பொருள். எனக்குப் பொறுமை உண்டு. சந்தனமாரி இதை ஒப்புக்கொள்ள மாட்டாள்.

அவள் என் மனைவி. குழாயைக் குளிர்விக்கத் தண்ணீர் பக்கெட்டும் பம்பும் நடுவீட்டில் இருப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. "பீடி சுத்துத இடத்துல பக்கெட்டைக் கொண்டு வச்சா நான் எங்க உக்காருவேன்? இல, தூளு எல்லாம் நமுத்துப் போவுது" என்கிறாள்.

நான் தென்காசி–திருநெல்வேலி ரூட்டில் சுந்தரவடிவு என்ற தனியார் பஸ் ஓட்டுகிறேன். ஒரு நாள் வண்டி, ஒரு நாள் வீடு. வீட்டில் இருக்கிற நாளெல்லாம் மிஷின். கண்டக்டர் ஜெபராஜின் மகளுக்கு மார்ச் எட்டாம் தேதி முதல் பிறந்தநாள். "அண்ணாச்சி, நம்ம வண்டியையே மரத்துல செஞ்சு குடுங்க. முன் படிக்கட்டுல என்னையும் வெட்டி நிறுத்திருங்க. அப்பா வேலைக்குப் போறது இப்படித்தான்னு பாப்பாவுக்குத் தெரியணும்லா" என்றான். சரி என்று சொல்லிவிட்டேன்.

இன்று காலை மூன்று கண்ணாடியும் பார்த்து முடித்தேன். நான்கு மூலையிலும் ஒரே புள்ளி.

பிப்ரவரி 4, செவ்வாய்

சாயங்காலம் பஸ்ஸின் பக்கவாட்டுப் பலகையை வெட்டலாம் என்று உட்கார்ந்தேன். எதற்கும் ஒரு டெஸ்ட் என்று டேப் ஒட்டி அடித்தால் இரண்டு புள்ளி. ஒன்றையொன்று உரசிக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறது.

"மிஷினைத் தட்டுனியா?" என்று கேட்டேன்.

"நான் எதுக்கு அதத் தொடப்போறேன்? பீடி சுத்துத சுளகை எடுக்கக் குனிஞ்சேன். அதுக்கும் குத்தமா?"

குனிந்தவள் இடித்திருப்பாள். முதல் கண்ணாடியின் மேல் திருகைக் கொஞ்சம் இறக்கினேன். அடுத்து அடித்தபோது இன்னும் மோசம். விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 6, வியாழன்

காலையில் திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். ஒரே புள்ளி. மத்தியானம் ஒரே புள்ளி. சாயங்காலம் இரண்டு.

காரணம் கண்டுபிடித்துவிட்டேன். சூடு. மேலே ஓடு, கீழே தகரப் பெட்டி. பகல் வெயிலில் தகரம் விரிந்து கண்ணாடி நகர்கிறது. இந்த மிஷின் வைத்திருப்பவர்களின் செல்போன் குரூப்பில் கேட்டேன். ஒருவர் இருக்கலாம் என்றார். இன்னொருவர் அந்த அளவுக்கு விரிய வாய்ப்பே இல்லை என்றார். அவர் பாவூர்சத்திரம் வெயிலைப் பார்த்திருக்க மாட்டார்.

ராத்திரிக்குப் பரோட்டா வாங்கிவந்தேன். ரப்பர். பாதிக்குமேல் மெல்ல முடியவில்லை, தாடை ஓய்ந்துவிட்டது. மாவில் என்னத்தைப் போட்டுப் பிசைகிறானோ, நாளை மறுநாள் அந்தக் கடைக்காரனை நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை. சந்தனமாரி மூன்றையும் சாப்பிட்டுவிட்டுச் சால்னா ருசி என்றாள்.

பிப்ரவரி 7, வெள்ளி

கடைசி டிரிப்பில் ஜெபராஜ் ஜலதோஷமா என்று கேட்டான். நான் மூக்கால் பேசுகிறேனாம். எனக்கு ஒரு தும்மல்கூட இல்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

எல்லா லாரிக்காரனும் இப்போது கண்டபடி விளக்கு மாட்டிக்கொள்கிறான். எதிரில் வருவது ஒரு வண்டியா, ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு வரும் இரண்டு வண்டியா என்று கிட்டே வரும்வரை தெரிவதில்லை. ஆலங்குளத்துக்கு முன்னால் ஒரு லாரிக்காக வண்டியை மண்ணில் இறக்கி நிறுத்திவிட்டேன். அவன் ஒரே ஆளாகத் தன் பாட்டுக்குப் போனான். பின்சீட்டுக் கல்லூரிப் பையன்கள் ஓ போட்டார்கள். நிறுத்தினால் குற்றம், நிறுத்தாவிட்டாலும் குற்றம்.

பிப்ரவரி 10, திங்கள்

மிஷினைச் சுவரோரத்து நிழலுக்கு நகர்த்தி, மேலே ஈரச்சாக்கு போட்டு வைத்தேன். சாயங்காலம் அப்படியும் இரண்டு புள்ளி. இந்த முறை எந்தத் திருகையும் தொடவில்லை. டேப்பை உரித்து, "திங்கள் சாயங்காலம், இரண்டு" என்று பேனாவால் எழுதி, பீரோக் கதவில் ஒட்டிவிட்டேன். காலைப் புள்ளியையும் இதையும் பக்கத்தில் வைத்து எவ்வளவு நகர்கிறது என்று ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும். கண்ணால் பார்த்ததை ஆதாரமாக வைத்துக்கொண்டால்தான் குரூப்பில் அந்த மேதாவிக்குப் பதில் சொல்ல முடியும்.

சந்தனமாரி என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஏங்க, தூக்கமா வருது? இடது இமை பாதி மூடிக்கிட்டு நிக்கி."

"வெயிலு" என்றேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

எழுதவே எரிச்சலாக இருக்கிறது. கடைசி டிரிப்பில், முன்சீட்டில் இருந்த ஒரு வாத்தியார் நான் குடித்திருக்கிறேன் என்று ஜெபராஜிடம் சொல்லியிருக்கிறார். கண் செருகுகிறதாம், நாக்கு குழறுகிறதாம். நான் இதுவரை ஒரு சொட்டு வாயில் வைத்ததில்லை. இருபது வருஷத்தில் ஓர் ஆட்டுக்குட்டியைக்கூட இடித்ததில்லை.

ஜெபராஜ் எனக்காக அவரிடம் மல்லுக்கு நின்றான். "சார், எங்க இசக்கியப்பன் அண்ணாச்சி மாதிரி ஒரு டிரைவரை இந்த ரூட்டுலயே காட்டுங்க பாப்போம். பிடிக்கலன்னா அடுத்த ஸ்டாப்புல இறங்கிக்கிடுங்க" என்றான். பிறகு என்னிடம் வந்து, மெதுவாக மோந்து பார்த்தான். நான் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டான்.

பிப்ரவரி 12, புதன்

காலையில் எழுந்ததும் ஸ்கேலோடு பீரோவுக்கு முன்னால் போய் நின்றேன்.

டேப்பில் ஒரு புள்ளிதான் இருக்கிறது.

என் கையெழுத்து. திங்கள் சாயங்காலம், இரண்டு. அதற்குமேல் நல்ல உருண்டையாக ஒரே புள்ளி. விரலால் தடவிப் பார்த்தேன். ஒரு குழிதான் தட்டுப்பட்டது.

சந்தனமாரியைக் கூப்பிட்டு, டேப்பை மாற்றினாயா என்று கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன். அவள் பீடிச் சுளகோடு வந்து நின்றாள்.

"நான் ஏன் மாத்துதேன்? திங்கக்கிழமை நீங்க ஒட்டும்போதே ஒண்ணுதான் இருந்துச்சு. என்ன இவரு ஒண்ணைப் போட்டுட்டு ரெண்டுன்னு எழுதுதாருன்னு நினைச்சேன். மிஷின் வேலைல அப்படி ஏதோ கணக்கு இருக்கும்னு விட்டுட்டேன்."

அவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும்? பசை காய்ந்து டேப் சுருங்கியிருக்கும். சுருங்கும்போது இரண்டும் ஒன்றாகியிருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

பிப்ரவரி 14, வெள்ளி

மிஷினைத் தொடவில்லை. பீரோவில் இருந்த டேப்பைக் கிழித்துப் போட்டேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

சாயங்காலம் சந்தனமாரி கோவிலுக்குப் போயிருந்தாள். மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்து புது டேப் ஒட்டினேன். ஒரே ஒரு தடவை டெஸ்ட் அடித்தேன். ஹெட்டை நகர்த்தவே இல்லை. ஒரு தடவை அடித்தால் ஒரு புள்ளிதான் விழ முடியும்.

இரண்டு தெரிந்தது.

இடது கண்ணைக் கையால் மூடினேன். ஒன்று. கையை எடுத்தேன். இரண்டு. வலது கண்ணை மூடினேன். ஒன்று. திறந்தேன். இரண்டு. விளையாட்டுக் காட்டுவதுபோல இதையே செய்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தெருவிளக்கு இரண்டு. கோவிலிலிருந்து திரும்பி வந்த சந்தனமாரி இரண்டு.

மிஷின் ஆரம்பத்திலிருந்தே நேராகத்தான் இருந்திருக்கிறது. அதைத் திருகித் திருகிக் கோணலாக்கியது நான்.

பயமாக இருக்கிறது. இதை யாரிடமும் சொல்ல முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன். டாக்டரிடம் போனால் வண்டியை விட்டு இறங்கு என்பார். இறங்கி என்ன செய்ய? ஸ்டியரிங்கைப் பிடிக்காத இசக்கியப்பனை எனக்கே அடையாளம் தெரியாது. மிஷின்தான் கண்ணைக் கெடுத்தது என்று சந்தனமாரி அதையும் தூக்கி எறிவாள். நான் கண்ணுக்குக் காவல் கண்ணாடி மாட்டாமல் அதன் மூடியைத் திறந்ததே இல்லை. சொன்னால் நம்ப மாட்டாள்.

காலையில் நன்றாகத்தானே இருக்கிறது. சாயங்காலம் மட்டும்தான். அதுவும் ஒரு கண்ணை மூடினால் சரியாகிவிடுகிறது.

பிப்ரவரி 17, திங்கள்

இடது கண்ணை மூடிக்கொண்டே திருநெல்வேலியிலிருந்து வந்தேன். முகம் வலிக்கிறது.

பிப்ரவரி 18, செவ்வாய்

மிஷினோடு வந்த காவல் கண்ணாடி நிறமில்லாதது, பவர் கிடையாது. இடது பக்கம் உள்ளே காகித டேப்பை ஒட்டினேன். மிஷினுக்கு ஒட்டுகிற அதே டேப். போட்டுப் பார்த்தால் தெருவிளக்கு ஒன்று. எதிர்வீட்டுக் கதவு ஒன்று. இதற்கா இத்தனை நாள் மனதைப் போட்டு உழப்பிக்கொண்டேன் என்று சிரிப்பு வந்தது.

பிப்ரவரி 19, புதன்

பகல் டிரிப்பெல்லாம் சும்மா ஓட்டினேன். வெயில் தாழ்ந்ததும் கண்ணாடியை மாட்டினேன். ஜெபராஜ் டிக்கெட் கிழித்துக்கொண்டே முன்னால் வந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"என்ன அண்ணாச்சி, ஒரு கண்ணுல பேப்பரு?"

"தூசி விழுந்து புண்ணாப் போச்சு. கொஞ்ச நாளைக்கு மூடி வைக்கச் சொல்லியிருக்காரு டாக்டர்."

"அப்ப லீவு போட்டுருக்கலாம்லா?"

"மாத்து டிரைவர் யாரு இருக்கா? முதலாளி என்னைத்தான் கடிப்பாரு."

டிக்கெட் கட்டைப் பையில் செருகிக்கொண்டான். பிறகு, "சரி, இடது பக்கம் உங்களுக்குத் தெரியாதுல்லா. நான் முன் படிக்கட்டுலயே நிக்கேன். பாத்துச் சொல்லுதேன்" என்றான். அதன்பிறகு சாயங்காலம் முழுக்க அங்கேயேதான் நின்றான். "போலாம் அண்ணாச்சி, கொஞ்சம் வலது, ஒரு சைக்கிள், சரி, ரைட்டு." விசிலும் பாட்டுமாக வேலை ஒழுங்காக நடந்தது. இவனைப்போல் ஒரு கண்டக்டர் வேறு யாருக்கும் வாய்த்திருக்காது.

பிப்ரவரி 22, சனி

இப்போதெல்லாம் மிஷினில் காலையில் மட்டும் உட்காருகிறேன். நான்கு மூலையும் ஒரே புள்ளி. பக்கவாட்டுப் பலகை இரண்டையும் வெட்டினேன். ஜன்னல் ஓட்டைகள் அவ்வளவு சுத்தம், உப்புத்தாள் போட வேண்டிய தேவையே இல்லை. படிக்கட்டில் நிற்க ஜெபராஜையும் வெட்டினேன். விரல் நீளம்தான் இருக்கிறான். தோளில் பை, வாயில் விசில். சந்தனமாரி பார்த்துவிட்டு, "அந்தப் பயலே மாதிரி இருக்கு" என்றாள்.

பிப்ரவரி 23, ஞாயிறு

எல்லாம் பழகிவிட்டது. கூட்டம் குறைவு. நேரத்துக்குப் போய் நேரத்துக்கு வந்தோம்.

பிப்ரவரி 26, புதன்

ஜெபராஜின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

பிப்ரவரி 28, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதிவைக்க வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை, கடைசி டிரிப். ஆலங்குளம் தாண்டி, எதிரில் லாரி வந்தது. இடது ஓரம் ஒதுங்கினேன். அங்கே வைக்கோல் ஏற்றிய டிராக்டர் டிரெய்லர் நின்றது. விளக்கு இல்லை, சிவப்பு ஒட்டு இல்லை, ஒன்றும் இல்லை. ஜெபராஜ் சத்தம் போட்டான். என்ன சொன்னான் என்று காதில் விழுந்தது, ஆனால் டிரெய்லர் இன்னும் தூரத்தில் இருக்கிறது என்றுதான் நான் நினைத்தேன். தூரத்தில் இல்லை. அதன் மூலை முன் படிக்கட்டை உரித்துக்கொண்டு போயிற்று.

டிரெய்லர்காரனைப் பிடித்துவிட்டார்கள். எல்லோரும் அவனைத்தான் திட்டுகிறார்கள். படிக்கட்டில் நின்ற கண்டக்டர்மேலும் தப்பு இருக்கிறது என்று ஸ்டேஷனில் பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் காலை என்னை மெடிக்கலுக்குக் கூட்டிப்போனார்கள். ஊதச் சொன்னார்கள், ஊதினேன். கண் பரிசோதனையும் உண்டு. இடது கண்ணை மூடிக்கொண்டு அட்டையை வாசிக்கச் சொன்னார்கள். கடைசி வரி வரை வாசித்தேன். வலது கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கச் சொன்னார்கள். கடைசி வரி வரை வாசித்தேன். பார்வை மிகச் சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள்.

கண்ணாடி போட்டிருந்தேனா என்று யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு நான் என்ன பதில் சொல்வது? கண்ணாடி அந்தக் கலவரத்தில் எங்கே விழுந்ததோ தெரியவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் ஜெபராஜ் எழுந்திருக்கப் பார்த்தான். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. அவன் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

"அண்ணாச்சி, உங்க மேல கேஸு எதுவும் வரலைல்லா?" இதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி.

வரவில்லை என்றேன்.

குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அந்தப் பேப்பர் ஒட்டுன கண்ணாடியைப் பத்தி நான் மூச்சு விடலை. சொல்லவும் மாட்டேன். இடது பக்கம் பாத்துச் சொல்லுதேன்னு ஏத்துக்கிட்டது நான்தானே? அன்னைக்குன்னு ஒருத்திகிட்டச் சில்லறை குடுக்கத் திரும்பிட்டேன். திரும்பிப் பாக்கும்போது டிரெய்லர் மேல வந்துட்டு. சத்தம் போட லேட்டாயிட்டு. என் தப்புதான் அண்ணாச்சி."

அவன் சத்தம் லேட்டாக வரவில்லை. நேரத்துக்கு வந்தது. நான் அதைச் சொல்லவில்லை. ஆரஞ்சுப் பழம் வாங்கிப் போயிருந்தேன். அதை உரித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 4, செவ்வாய்

முதலாளி போன் செய்தார். ஸ்டேஷனில் வண்டியை விட்டுவிட்டார்கள், படிக்கட்டு வேலை முடிந்ததும் அடுத்த வாரம் ரூட்டுக்கு வந்துவிடும், தயாராக இரு என்றார். புதுக் கண்டக்டர் பார்த்துவிட்டாராம். "உன் மேல ஒரு கீறல் இல்லாம தப்பிச்சே பாரு" என்று சிரித்தார்.

சரி முதலாளி என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்துதான் வந்தது.

மார்ச் 5, புதன்

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவி வந்தால், மிஷின் மூடியின் மேல் காவல் கண்ணாடி இருந்தது. இடது பக்கம் டேப், காதுக்கம்பியில் காய்ந்த ரத்தம். சந்தனமாரி பக்கத்தில் நின்றாள்.

"காக்கிச் சட்டையைத் துவைக்க எடுத்தேன். உள் பையில இருந்துச்சு."

ஜெபராஜைத் தூக்கிய கையோடு அதைக் கழற்றி உள்ளே போட்டது நான்தான்.

"திங்கக்கிழமை டேப்புல ரெண்டுன்னு எழுதுனிய. இமை தொங்குச்சு. பரோட்டா மெல்ல முடியல. நான் மடச்சி, வெயிலுன்னு சொன்னதை நம்பிட்டேன்." அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "எத்தனை பேரு ஏறி இறங்குத வண்டி. மாசத்துல நாலு தரம் நானும் அதுலதான பீடிக்கடைக்குப் போறேன். என்னைக்கூட நினைக்கலியா?"

"ஒரு கண்ணை மூடுனா சரியாத் தெரிஞ்சுது சந்தனம்."

"சரியாத் தெரிஞ்சா அந்தப் பிள்ளைக்கு ஏன் கால் போச்சு?"

அவள் சுளகை எடுத்துக்கொண்டு அடுப்படியில் போய் உட்கார்ந்தாள். பிறகு அங்கிருந்தே சொன்னாள். "காலையில போனா டாக்டருக்கும் ஒண்ணும் தெரியாது. சாயங்காலம் போவோம்."

மார்ச் 6, வியாழன்

காலையில் மிஷினைப் போட்டேன். வேறு எதைச் செய்வது என்று தெரியவில்லை. மேல்தட்டு, சக்கரங்கள், ஸ்டியரிங் எல்லாம் வெட்டி ஒட்டிவிட்டேன். கண்ணாடிகள் நேர், ஹெட் நேர், புள்ளி ஒன்று. இப்படி ஒரு வேலையை இந்த மிஷின் செய்யும் என்று வாங்கும்போது நினைக்கவில்லை. படிக்கட்டில் நிற்க வேண்டியவனை மட்டும் ஒட்டவில்லை. கையில் எடுத்தேன், வைத்தேன், மறுபடியும் எடுத்தேன். கடைசியில் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மார்ச் 7, வெள்ளி

சாயங்காலம் தென்காசியில் ஒரு கண் டாக்டரிடம் போனோம். பெண் டாக்டர். நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. மேலே பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னார். இடது இமை தானாக இறங்கியது. எதிரில் இருந்த ஜூஸ் கடையிலிருந்து ஐஸ் வாங்கிவரச் சொல்லி, கைக்குட்டையில் சுற்றி அந்த இமையின்மேல் கொஞ்ச நேரம் வைத்தார். எடுத்ததும் இமை மேலே ஏறி நின்றது. சந்தனமாரி வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"சாப்பாடு மெல்லும்போது தாடை ஓய்ஞ்சு போகுதா?" என்று கேட்டார். பரோட்டாக் கடைக்காரரைத் திட்டியது ஞாபகம் வந்தது. குரலைப் பற்றிக் கேட்டார். ஜலதோஷமா என்று ஜெபராஜ் கேட்டது ஞாபகம் வந்தது.

"அந்த மிஷின் வெளிச்சத்தாலயா டாக்டர்?" என்றாள் சந்தனமாரி.

"இல்லம்மா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. கண்ணு நல்லாத்தான் இருக்கு. கண்ணை அசைக்கிற தசைக்கு நரம்பு சொல்ற சேதி சரியாப் போய்ச் சேரல. காலையில சேரும். உழைக்க உழைக்க ஓய்ஞ்சுரும். ரத்தம் பாக்கணும், நெஞ்சு ஸ்கேன் எடுக்கணும். மாத்திரை இருக்கு, நல்லா கேக்கும்." என் பக்கம் திரும்பினார். "வண்டி மட்டும் ஓட்டக்கூடாது. இவ்வளவு நாள் ஓட்டலையே?"

ஓட்டினேன் என்றேன். என்ன வண்டி என்றார். சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

எழுதிக் கொடுங்கள், ஸ்டேஷனில் கொடுக்க வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். முதலாளிக்கும் அங்கிருந்தே போன் செய்தேன். முதலில் நம்பவில்லை, பிறகு கத்தினார், பிறகு இதை யாரிடமும் சொல்லாதே என்றார். வைத்துவிட்டேன். நாளை மறுநாள் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். அதற்கு முன்னால் போக வேண்டிய இடம் வேறு.

மார்ச் 8, சனி

காலையில் போகலாம் என்றாள் சந்தனமாரி. வேண்டாம், சாயங்காலம்தான் போக வேண்டும் என்றேன். அவளுக்குப் புரிந்தது. வார்டு வாசல் வரை கூட வந்து, நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

வார்டில் பலூன் கட்டியிருந்தார்கள். கேக் வெட்டி முடிந்திருந்தது. பாப்பா கட்டிலில், அப்பாவின் இருக்கிற காலில் சாய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸைக் கொடுத்ததும் இரண்டு கையாலும் பிடித்து, கூரையைக் கடித்தாள். ஜெபராஜ் சிரித்தான். அப்படியே அவள் கையிலிருந்து வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஜன்னல் கம்பி வரைக்கும் வச்சிருக்கியளே அண்ணாச்சி. கண்ணாடிகூட இருக்கு." பிறகு முன் படிக்கட்டைப் பார்த்தான். "நான் எங்க?"

பாப்பாவைக் கொஞ்சம் வெளியே கூட்டிப்போகச் சொல் என்றேன். அவன் மனைவி அவனையும் என்னையும் பார்த்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். ஜன்னலுக்கு வெளியே வெயில் தாழ்ந்துவிட்டது. கட்டில் கம்பிகள் எனக்கு இரட்டை இரட்டையாகத் தெரிய ஆரம்பித்திருந்தன.

"ஒரு விரலை நீட்டு ஜெபராஜு."

"எதுக்கு?"

"நீட்டு. எத்தனைன்னு எங்கிட்ட கேளு."

ஏதோ விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு சிரித்தபடியே சுட்டுவிரலை நீட்டினான். "சரி, சொல்லுங்க. எத்தனை?"

"ரெண்டு."

சிரிப்பு முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது. "கண்ணு இன்னும் ஆறலியா? அந்தத் தூசி..."

"தூசி விழவே இல்ல. உங்கிட்ட பொய் சொன்னேன். அதுக்கு முன்னாடியே இப்படித்தான். தெரிஞ்சுதான் ஓட்டுனேன். நீ நேரத்துக்குத்தான் சத்தம் போட்டே ஜெபராஜு. எனக்குக் கேட்டுச்சு. ஒத்தைக் கண்ணால டிரெய்லர் எவ்வளவு தூரத்துல நிக்குதுன்னுதான் தெரியல. உன் மேல ஒரு தப்பும் இல்ல."

பையிலிருந்து அந்த விரல் நீள ஆளை எடுத்து, போர்வையின்மேல் வைத்தேன். அவன் அதைப் பார்க்கவில்லை. நீட்டிய விரலை மடக்கவும் இல்லை. திட்டுவான் என்று காத்திருந்தேன், அடிக்கக் கை ஓங்கினாலும் வாங்கிக்கொள்ளத்தான் போயிருந்தேன். இரண்டு ஜெபராஜும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு கண்ணை மூடினால் ஒருவன்தான் தெரிந்திருப்பான். நான் மூடவில்லை.